வெளியே போய்க் குடித்த தேநீர்

வெளியே போய்த் தேநீர் குடிப்பவர்களைக் கண்டால் பெரில் ஸ்டாக்டேலுக்கு ஆகாது. வீட்டில் கெட்டில் இருக்கிறது, பீங்கான் கெண்டி இருக்கிறது, மாவும் வெண்ணெயும் இருக்கின்றன. அதை விட்டுவிட்டு, நல்ல கோட்டாகப் பார்த்து மாட்டிக்கொண்டு போய், முன்பின் தெரியாத பெண் கொண்டுவந்து வைப்பதைக் கூச்சத்தோடு தின்றுவிட்டு வருவானேன் என்பாள். தினமும் நாலு மணிக்கு அவள் சமையலறையில் கெட்டில் கூவும். கெண்டிக்குக் கம்பளிக் குல்லாய் போடுவாள். தோட்டத்து நெல்லிக்காய் ஜாமை எடுத்து வைப்பாள். கிளைவ் பின்வாசல் படியில் பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து உட்காருவான். ஐம்பது வருஷமாக அப்படித்தான்.

பெரில் பிறந்தது கடலோர ஊரான மார்ஸ்பியில், வாழ்ந்தது மார்ஸ்பியில். பள்ளிக்கூடம் விட்டதும் கரைமேட்டில், விடுமுறைக்கு வருகிறவர்கள் தங்கும் சக்கர வீடுகள் நின்ற கேரவன் பூங்காவில் துப்புரவு வேலைக்குப் போனாள். சனிக்கிழமை காலையில் பழைய விருந்தாளிகள் கிளம்புவார்கள். மத்தியானத்துக்குள் புது ஆட்கள் வருவார்கள். நடுவில் கிடைக்கிற நேரத்தில் மெத்தை, கழிப்பறை, அடுப்பு எல்லாம் பளிச்சென்று ஆக வேண்டும். பெரில் கை வைத்த கேரவனில் ஒரு மணல்கூடக் கிடக்காது என்று ஊரில் பேச்சு. முதல் வரிசைக் கேரவன்களைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை டிராக்டர் வைத்துப் பின்னால் இழுத்து நிறுத்துவார்கள். கடலுக்கு இடம் விட வேண்டுமே. டிராக்டர் ஓட்டியவன்தான் கிளைவ். அப்படித்தான் பழக்கம், அப்படித்தான் கல்யாணம். கடைசியில் பின்னால் இழுக்க நிலமே இல்லாமல் போய்ப் பூங்காவை மூடினார்கள்.

எங்கள் கரை களிமண் கரை. மழை மேலிருந்து ஊறும், அலை கீழிருந்து அரிக்கும். வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. குளிர்காலத்தில் ஒரு நாள் காலையில் பார்த்தால் வேலி அந்தரத்தில் கம்பியோடு தொங்கும். கடல் தெருவில் ஒரு காலத்தில் வரிசையாக வீடுகள் இருந்தன. அந்த வருஷம் மிஞ்சியிருந்தது பெரிலின் ஒற்றைத்தள வீடு ஒன்றுதான். அதற்கு அப்பால் தெரு, தார் உடைந்து, வானத்தில் முடிந்தது.

அடுத்த வீட்டுக்காரியாக இருந்த டெனிஸ் பிக்கரிங், சில வருஷங்களுக்கு முன் ஓர் ஈஸ்டருக்குத் தன் தங்கை வீட்டுக்குப் போனாள். போன மறுநாள் அவள் சமையலறை கடலில் இறங்கிவிட்டது. அன்றுதான் பெரில் ஒரு விதி வகுத்தாள்: இனி இரண்டு பேரும் ஒன்றாக வீட்டை விட்டு வெளியே போவதில்லை. ஒருவர் கடைக்குப் போனால் ஒருவர் இருக்க வேண்டும். சாவு வீட்டுக்குக்கூட முறை போட்டுத்தான் போனார்கள். ஆள் இருக்கிற வீட்டைக் கடல் தொடாது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் விதியை மீறியதும் இல்லை.

கவுன்சிலிலிருந்து ஓர் இளம்பெண் வருவாள். வீடு ஆபத்தில் இருக்கிறது, உள்ளே தள்ளி வாடகை வீடு தருகிறோம், இதை இடித்துவிடுவோம் என்று மெதுவாகச் சொல்வாள். பெரில் அவளுக்குத் தேநீர் கொடுப்பாள், இன்னொரு துண்டு கேக் வைப்பாள், வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒருமுறை அந்தப் பெண், ஆள் உள்ளே குடியிருக்கும்வரை மின்சாரத்தைத் துண்டிக்க மாட்டோம் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். பெரில் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். கிளைவும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

பின்வேலியிலிருந்து கரை விளிம்புவரை கிளைவ் ஞாயிறுதோறும் ஒரு கழியால் அளப்பான். அளந்துவிட்டு வந்து தேநீர் மேசையில் சொல்வான். அந்த இலையுதிர் காலத்தில் சொல்வதை நிறுத்திவிட்டான். பெரில் கேட்டால், "அப்படியேதான் இருக்கு" என்பான். கொட்டகைக்குள் போய்த் தொலைபேசியில் யாரிடமோ குரலைத் தாழ்த்திப் பேசுவான். தட்டில் பாதியை நாய்க்குப் போடுவான். பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை குத்தியிருந்தான். பெரில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளைவின் அப்பா இப்படித்தான் மெலிந்து மெலிந்து நுரையீரல் நோயில் போய்ச் சேர்ந்தார்.

நவம்பரில் ஒரு நாள் கிளைவ் சொன்னான், "வியாழக்கெழமை பெவர்லி டவுனுக்குப் போறோம். சந்தைத் திடல் ஹோட்டல்ல டீக்குச் சொல்லி வச்சிருக்கேன்."

"யாரு போறோம்?"

"நீயும் நானும்தான். ஐம்பதாவது கல்யாண நாளு வருதுல்ல."

பெரில் துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். விலை எவ்வளவு என்று கேட்டாள். இரண்டு பேருக்கும் சேர்த்து அறுபது பவுண்டு என்றான்.

"ரெண்டு ரொட்டி, ஒரு கரண்டி ஜாம். இதுக்கு அறுபதா? மேசைத் துணியையும் மடிச்சுக் கையில குடுத்து அனுப்புவாங்களாமா?"

வழக்கமாக அவன் சிரிக்கிற இடம் அது. கிளைவ் சிரிக்கவில்லை.

"வீட்ல யாரு இருக்கிறது?"

"கொஞ்ச நேரம்தான், பெரில்."

"டெனிஸும் கொஞ்ச நாளுன்னுதான் போனா."

கிளைவ் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நான் உன்கிட்ட எதுவும் கேட்டதில்ல. இது ஒண்ணுக்கு மட்டும் வா" என்றான்.

பெரில் ஒன்பது வயதில் ஒரே ஒருமுறை ஹோட்டலில் தேநீர் குடித்திருக்கிறாள். அவள் அம்மா கூட்டிப் போனாள். கேக் முழுவதும் உனக்குத்தான் என்றாள். அவள் தின்று முடிக்கும்வரை காத்திருந்து, ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரிக்குப் போகப் போவதாகச் சொன்னாள். திரும்பி வரவில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் இப்படித்தான். நல்ல சேதியை வாசலிலேயே கத்திவிடுவார்கள். கெட்ட சேதிக்கு வெள்ளைத் துணி விரித்த மேசை வேண்டும். அங்கே யாரும் அழ முடியாதே.

ஆக, கிளைவுக்கு ஏதோ வந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறான். அவள் அந்த வாரம் முழுவதும் மனத்துக்குள் ஒரு தட்டில் வீட்டையும் இன்னொரு தட்டில் அவனையும் வைத்து நிறுத்துப் பார்த்தாள். அவன் பக்கம்தான் தாழ்ந்தது. போவது என்று முடிவு செய்தாள்.

வியாழக்கிழமை வடகிழக்குக் காற்று அடித்தது. வீட்டுச் சன்னல்கள் சட்டத்துக்குள் மெல்ல மெல்ல முனகின. கிளைவ் சாவுக்குப் போடுகிற கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தான். வேறு நல்ல கோட்டு அவனிடம் இல்லை. நாயை முந்தின நாளே தம்பி வீட்டில் விட்டிருந்தான். கிளம்புமுன் பெரில் கெட்டிலில் தண்ணீர் நிரப்பி வைத்தாள். சமையலறை விளக்கை அணைக்கவில்லை. ரேடியோவைப் போட்டு, தோட்டத்துக்குக் கேட்கிற அளவுக்கு ஒலியைக் கூட்டினாள்.

"யாருக்கு இது?" என்றான் கிளைவ்.

"திருடனுக்கு" என்றாள் அவள்.

தெரு முனையில் ஒரு லாரி நின்றிருந்தது. ஓட்டுகிற இடத்தில் இருந்தவன் முகத்தைச் செய்தித்தாளால் மறைத்திருந்தான். பெரில் பார்த்தாள். அவள் மனம் முழுவதும் கிளைவின் நுரையீரலில் இருந்ததால் அது அவளுக்கு உறைக்கவில்லை.

ஹோட்டலில் கணப்பு எரிந்தது. மூன்றடுக்குத் தட்டு வந்தது. கீழே விரல் அகலத்தில் சாண்ட்விச், நடுவில் ஸ்கோன் ரொட்டியும் கட்டிப் பாலேடும் ஜாமும், மேலே பட்டாணி அளவு கேக்குகள். கெண்டியை வைத்துவிட்டுப் பரிமாறும் பெண், "யாரு அம்மா?" என்று சிரித்தாள். தேநீரை ஊற்றுகிறவர்தான் அந்த மேசைக்கு அம்மா. அது எங்கள் வழக்கம். பெரில் கையை நீட்டுமுன் கிளைவ் கெண்டியை எடுத்துவிட்டான்.

ஐம்பது வருஷத்தில் அவன் ஒருநாளும் ஊற்றியதில்லை. கெண்டியின் மூக்கு கிண்ணத்தில் தட்டியது, தேநீர் தட்டில் சிந்தியது. பெரில் கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கெண்டியில் இரண்டு கை ஊற்றினால் வீட்டுக்கு ஆகாது என்பது அவள் அம்மா சொன்னது. அவன் ஆரம்பித்துவிட்டான், இனி அவனேதான் ஊற்ற வேண்டும்.

சாண்ட்விச்சைத் தின்றார்கள். ரொட்டி ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டு அதற்கும் சேர்த்துக் காசு வாங்குகிறார்கள் என்று பெரில் சொன்னாள். அவன் தலையாட்டினான். ஸ்கோன் நன்றாகத்தான் இருந்தது, அவளுடையதைவிட மென்மை. அதை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. கேட்டுவிடலாம் என்று இரண்டு தடவை வாய் எடுத்தாள். ஆனால் அறுபது பவுண்டு கொடுத்த மேசையில், தட்டு பாதி இருக்கும்போது கெட்ட சேதியைக் கேட்பது எப்படி? அவனும் அதே எண்ணத்தில் இருந்தான் போலிருக்கிறது. இருவரும் கீழ்த்தட்டை முடித்து, நடுத்தட்டை முடித்து, மேல்தட்டுக்கு ஏறினார்கள். கிளைவ் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தான்.

கடைசிக் கேக்கை அவள் பக்கம் தள்ளினான்.

"எவ்வளவு நாளு குடுத்திருக்காங்க?" என்றாள் பெரில்.

"யாருக்கு?"

"உனக்குத்தான். டாக்டர்."

கிளைவ் அவளை நிமிர்ந்து பார்த்தான். அப்படி ஒரு முகத்தை அவள் அவனிடம் பார்த்ததில்லை. "எனக்கு ஒண்ணும் இல்ல, பெரில்" என்றான். பிறகு மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "கேரத்தும் ரெண்டு பசங்களும் வீட்ல இருக்காங்க. சாமான எல்லாம் லாரில ஏத்துறாங்க. கரண்ட் ஆளுங்களும் இந்நேரம் வந்திருப்பாங்க. கவுன்சில் பேப்பர்ல நான் கையெழுத்துப் போட்டுட்டேன்."

கேரத் கிளைவின் தம்பி மகன். செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த முகம் அவளுக்கு இப்போது தெரிந்தது.

பெரில் முதலில் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டாள். கிளைவுக்கு ஒன்றும் இல்லை. அந்த மூச்சு வெளியே போய் முடிவதற்குள் மற்றது உள்ளே வந்துவிட்டது.

"நீ உள்ள இருக்கிறவரைக்கும் எவனும் தொட மாட்டான். உன்னைத் தூக்கிட்டு வரவும் எனக்குத் தெம்பில்ல" என்றான் கிளைவ். "கழி எத்தனை காட்டுதுன்னு நான் உன்கிட்ட சொல்லல. கேட்டா நீ அங்கேயே நாற்காலி போட்டு உட்காருவ."

அறையில் மற்ற மேசைகளில் கரண்டிகள் மெல்லக் கிண்கிணித்தன. அவள் கத்தவில்லை. கெண்டியை எடுத்துத் தன் கிண்ணத்தில் ஊற்றினாள். கிளைவின் கை தடுக்கத் தானாக உயர்ந்தது.

"இனிமே எந்த வீட்டுக்கு ஆகாது?" என்றாள்.

தேநீர் ஆறிக் கசந்திருந்தது. கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பரிமாறிய பெண் வந்து எல்லாம் திருப்தியா என்று கேட்டாள்.

"ரொம்ப அருமையா இருந்துச்சும்மா, நன்றி" என்றாள் பெரில்.

நேரே வாடகை வீட்டுக்குப் போகலாம் என்றான் கிளைவ். தெரு முனைவரை கூட்டிப் போ, நான் இறங்க மாட்டேன் என்றாள் அவள். கார் முனையில் நின்றதும் இறங்கிவிட்டாள்.

இருட்டிக்கொண்டு வந்தது. வீடு நின்றது, விளக்கில்லாமல், திரைகள் இல்லாமல். அதற்குப் பின்னால் வேலி இல்லை. கொட்டகை இல்லை, நெல்லிச் செடிகள் இல்லை. பின்வாசல் படிக்குக் கீழே வெறும் காற்று. அங்கிருந்து ஒரு கறுப்பு வெடிப்பு சமையலறைச் சுவரில் ஏறி, சன்னல்வரை வந்து நின்றிருந்தது. அந்தச் சன்னலுக்கு உள்பக்கம்தான் அவள் கெட்டிலோடு நிற்கிற இடம்.

கேரத் லாரியிலிருந்து ரேடியோவைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தான். முகம் சுண்ணாம்பாக இருந்தது. "நல்லவேளை நீங்க இல்ல, பெரியம்மா" என்றான்.

"ரேடியோவ எப்ப நிறுத்துன?"

"கரண்ட் ஆளுங்க வந்தப்ப. நாலு மணி இருக்கும்."

"தோட்டம் எப்ப போச்சு?"

கேரத் பெரியப்பாவைப் பார்த்தான். கிளைவ் கடலைப் பார்த்தான்.

"அதுக்கப்புறம்தான்" என்றான் கேரத்.

அவள் உள்ளே இருந்திருந்தால் நாலு மணிக்கு அந்தச் சன்னலடியில் நின்றிருப்பாள் என்று கிளைவ் நினைத்தான். உள்ளே இருந்திருந்தால் தோட்டம் போயிருக்காது என்று பெரில் நினைத்தாள். அன்றும் அதற்குப் பிறகும் இருவரும் அதைப் பேசிக்கொள்ளவில்லை. கீழே அலை ஒன்று வந்து மோதியது; காலடியில் தார் லேசாக அதிர்ந்தது. எல்லோரும் பின்னால் வாருங்கள் என்று யாரோ சொன்னார்கள்.

தன் நாயோடு நடக்க வந்த டெனிஸ் பிக்கரிங் ஓரமாக நின்றிருந்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல், பெரிலின் நல்ல கோட்டைப் பார்த்துவிட்டு, "ஹோட்டலுக்கா போயிருந்தீங்க? டீ எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

பெரில் ரேடியோவை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஸ்கோன் நல்லாத்தான் இருந்துச்சு, டெனிஸ்" என்றாள். "விலைதான் கொஞ்சம் ஜாஸ்தி."