பிளக்ஸில் நிமிர்ந்த டீச்சர்

முப்பத்தாறு வயதிலேயே போய்விட்ட எங்கள் யோகா டீச்சருக்கு நாளை முதல் நினைவு நாள். வத்தலக்குண்டு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பிளக்ஸ் அடிக்கக் கொடுத்திருந்தேன். சிரசாசனத்தில் அவர் சிரிக்கிற படம். எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

இன்று வாங்கப் போனால், டீச்சர் காலைத் தொங்கவிட்டு நிற்கிறார். தரை அவர் தலைக்கு மேலே இருக்கிறது.

"படம் தலைகீழா இருந்துச்சுக்கா. நான்தான் நிமித்தி வச்சேன்" என்றார் கடைக்காரர், பெருமையாக.

"அண்ணே, அது சிரசாசனம்."

"அதுக்காக? செத்தவங்கள தலைகீழா தொங்கவிட்டா ஊருக்குள்ள என்னயத்தான வைவாங்க?"

வேறு அடிக்க நேரமில்லையாம். திருப்பிக் கட்டினால் டீச்சர் சரியாகிவிடுவார், பெயர் கவிழ்ந்துவிடும்.

டீச்சரிடம் படித்தவர்களே, யாருக்கெல்லாம் இன்னும் சிரசாசனம் வருகிறது? நாளை அவரைச் சரியாகப் பார்க்க வேறு வழியில்லை.