பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சோறு

எங்கள் அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அக்காவின் கணவரான மாமா கேட்டபோது, அக்காவின் நல்ல குணங்களைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஒரு முட்டையைப் பற்றித்தான் எழுத வருகிறது. உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா ஏனாத்தூரில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். நான் அக்காவுக்கு எட்டு வயது இளையவள். அவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போய், என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தார். திருமணமாகிக் காஞ்சிபுரத்துக்கு வந்தபின் ஒரு பள்ளியில் சத்துணவுச் சமையலராகச் சேர்ந்தார். நான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போனேன். அந்தக் காலத்துக் கஷ்டத்தைப் பற்றி அம்மா பேசும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். பசியோடு படுத்ததாக எனக்கு ஒரு நாள்கூட நினைவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் அக்கா வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தார். நான் வேலையை விட்டிருந்த நேரம் அது. கூடமாட உதவுவதற்குப் பள்ளிக்குப் போனேன். திங்கட்கிழமைகளில் மட்டும் நிறையப் பிள்ளைகள் இரண்டாம் முறை தட்டை நீட்டினார்கள். அக்காவின் சாம்பார் ருசி என்றுதான் நினைத்தேன். சனி, ஞாயிறு சத்துணவு இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ஒரு நாள், ரேவதி என்ற நான்காம் வகுப்புச் சிறுமி சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, முட்டையை மட்டும் பென்சில் டப்பாவுக்குள் வைத்து மூடுவதைப் பார்த்தேன்.

“ஏய், இன்னா அது? டப்பாவத் தொற,” என்றேன்.

அவள் திறக்கவில்லை. நானே பிடுங்கித் திறந்தேன். “இங்கயே சாப்பிடணும்னு தெரியாதா? எத்துக்கினு போய் இன்னா பண்ணப்போற?” என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ரேவதி தலையைக் குனிந்துகொண்டாள்.

அக்கா வந்து, டப்பாவை என் கையிலிருந்து வாங்கி, மூடி, அவளிடம் கொடுத்தார். “நீ போம்மா,” என்று அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. “சாயந்தரம் அவ வூட்டாண்ட போய்ட்டு வா,” என்று மட்டும் சொன்னார்.

போனேன். தெருக்கோடியில் ஒற்றை அறை. அவள் அம்மாவுக்குப் பிரசவமாகிப் பத்து நாள்கூட ஆகவில்லை. கைக்குழந்தையோடு பாயில் படுத்திருந்தார். நான் வாசலில் நின்றதை இருவரும் கவனிக்கவில்லை. ரேவதி முட்டையை உரித்து நீட்டினாள்.

“நீ துன்னும்மா. எனக்கு எதுக்கு?” என்றார் அவள் அம்மா.

“எனக்கு அங்கயே போட்டாங்கம்மா. இது உனக்கு.”

நான் உள்ளே போகவில்லை. அந்த வார்த்தைகளை நான் முன்பே கேட்டிருந்தேன். எனக்கு நான்கு வயதிருக்கும். மதியம் அக்கா தூக்குப் பாத்திரத்தில் பள்ளிக்கூடத்துச் சாம்பார் சோற்றைக் கொண்டுவந்து எனக்கு ஊட்டுவார். “நீ சாப்ட்டியாக்கா?” என்று கேட்டால், “எனக்கு அங்கயே போட்டாங்க” என்பார். நானும் நம்பி, கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டிருக்கிறேன். பசி தெரியாமல் வளர்ந்தேன் என்று இத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தேனே, அப்படி வளர்ந்தது யாருடைய பசியால் என்பது அந்த வாசலில்தான் தெரிந்தது.

மறுநாள் ரேவதியிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு சமையலறையில் அக்காவிடம் கேட்டேன்.

“அப்பல்லாம் நீ ஸ்கூல்ல சாப்ட்டுட்டுத்தான் வந்தியாக்கா?”

அக்கா ஒற்றைக் கையால் அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை. “அத எதுக்கு இப்பக் கேக்கற? பருப்பு அடிபிடிக்குது பாரு,” என்றார்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை.

சென்ற ஆண்டு சிறுநீரகக் கோளாறால் அக்கா மருத்துவமனையில் இருந்தபோது, ஒரு பிற்பகல் அவருக்குத் தலை வாரிவிட்டேன். மயிர் மிகவும் கொட்டிப்போயிருந்தது. அன்று எப்படியும் சொல்லிவிட வேண்டும் என்று, “அக்கா” என்றேன். “அந்த ஜன்னல சாத்தும்மா, வெயில் மூஞ்சில அடிக்குது,” என்றார். சாத்திவிட்டுத் திரும்பினேன். கண்ணயர்ந்திருந்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் பிறகு கண் விழிக்கவில்லை. இப்போதும் தெருவில் யாராவது “அக்கா” என்று கூப்பிட்டால் நான்தான் முதலில் திரும்பிப் பார்க்கிறேன்.

ஷேர் ஆட்டோ ஓட்டுவதை விட்டுவிட்டு இரண்டு மாதம் அக்காவின் கட்டிலருகே இருந்த மாமாவுக்கும், கேட்காமலே தம் காரில் மருத்துவமனைக்குக் கொண்டுசேர்த்த எதிர்வீட்டு பாய்க்கும், இரத்தம் கொடுத்தவர்களுக்கும், செவிலியர்களுக்கும், அக்காவோடு அடுப்படியில் நின்றவர்களுக்கும், இன்று வந்திருக்கும் உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவுக்குச் சொல்ல வேண்டிய நன்றி மட்டும் என்னிடமே இருக்கிறது.

— தங்கை