முறிய வேண்டிய வில்

ஒஸ்லோவில் எங்கள் கலைவிழா நாடகத்தில் அந்த வருடம் எனக்குச் சின்ன வேலைதான். ராசகுமாரனாக வந்து, வில்லை முறித்து, ராசகுமாரியின் மாலையை வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஆனால் முன்வரிசையில் இருக்கப் போகிறவர்களை நினைத்தால் அது சின்னதாகத் தெரியவில்லை. எனக்குப் பேசியிருந்த பெண், தாய் தகப்பனோடு துரொண்ட்ஹெய்மிலிருந்து வருவதாக இருந்தது. படத்தைப் பார்த்த அன்றே எனக்கு அவளைப் பிடித்துப் போயிருந்தது. அவர்கள் என்னை முதன்முதலாக நேரில் பார்க்கப் போவதோ மேடையில், சரிகை வேட்டியும் ஒட்டுமீசையுமாக.

முந்தின வருடம் கடதாசி மட்டையில் செய்த கதாயுதம் சண்டைக்கு நடுவில் மடிந்து சனம் சிரித்துவிட்டது. அதனால் இந்த முறை எல்லாம் உண்மைப் பொருள் என்று நாடகப் பொறுப்பாளர் அறிவித்தார். அவரை எல்லோரும் அண்ணை என்போம். நாட்டின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் சில காலம் மீன் வெட்டியவர். அந்த ஒரே தகுதியில் நோர்வேயின் மீன், பனி, மரம் எல்லாவற்றுக்கும் அவரே அதிகாரி. பாட்ஸ்பியோர்ட் பக்கம் மரமே வளராது என்பதை மரியாதை கருதி ஒருவரும் சொல்வதில்லை.

ஒஸ்லோவின் ஓரத்தில், எல்லிங்ஸ்ருட்டில் அவருடைய வீட்டு வரவேற்பறையில், கலியாணத் தரகர் சாதகங்களைப் பரப்புவது போல மரத்துண்டுகளைப் பரப்பினார். வில் வளையும்போது அதன் முதுகு இழுபடும், வயிறு நசுங்கும். இரண்டையும் தாங்குவதுதான் மரம் என்றார். பைன் படாரென்று முறியும், தள்ளுபடி. பேர்ச் வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும், ரோசமில்லாத மரம் என்று அதையும் ஒதுக்கினார். 'அஸ்க்' என்று நோர்வேக்காரர் சொல்லும் ஆஷ் மரம் நன்றாக இழுபடும், ஆனால் அகலமாகச் செதுக்க வேண்டும். மேடையில் துடுப்பு மாதிரித் தெரியும்.

மேடை விளக்குக்குப் பொறுப்பான சென்னைக்காரர் குறுக்கே வந்தார்.

"யூ மரம்தாங்க பெஸ்ட். உள்பக்கம் நசுங்காது, வெளிப்பக்கம் நல்லா இழுக்கும். நெட்ல படிச்சேன்."

"அது இஞ்சை எடுக்கிறது கஷ்டம். நஞ்சு மரம் வேறை," என்று நெட்டையும் சேர்த்துத் தள்ளிவிட்டார் அண்ணை.

கடைசியில் 'அல்ம்' என்கிற எல்ம் மரம் வென்றது. அதன் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் கோடரிக்கே லேசில் பிளக்காதாம்.

"அண்ணை, இது கடைசிக் காட்சியிலை முறிய வேணுமல்லோ?" என்று கேட்டேன்.

"அது மேடையிலை. இஞ்சை முறிஞ்சால் எனக்கெல்லோ அவமானம்."

"நடுவிலை கத்தியாலை கொஞ்சம் வெட்டி, மை பூசி விடுவமே?"

அவர் முகம் கறுத்துவிட்டது. "முதுகிலை ஒரு நார் அறுந்தாலே வில்லு போச்சு. ஏமாத்து வேலைக்கு நான் வரமாட்டன். நீ சாப்பிட்டு உடம்பைத் தேத்து."

அதற்குப் பிறகு வார இறுதிகளில் இருவரும் இருந்து செதுக்கினோம். ஒத்திகையெல்லாம் வெறுங்கையோடு நடந்தது. வெறுங்கையால் நான் மிக அழகாக முறித்தேன்.

விழா நாள் வந்தது. அரசர் வேடத்தில் அண்ணை சிம்மாசனத்தில் இருந்தார். நான் வில்லை எடுத்து வளைத்தேன். அது பிறை போல வளைந்தது; சனம் கைதட்டியது. விட்டதும் நிமிர்ந்தது. முழங்காலில் வைத்து இழுத்தேன். வில் துள்ளி என் மீசையில் பாதியைக் கொண்டு போனது. கீழே போட்டு மிதித்தும் பார்த்தேன். முன்வரிசைப் பக்கம் திரும்ப எனக்குத் துணிவில்லை. செத்துப் போகலாம் போல இருந்தது.

அரசர் எழுந்தார். ஏதாவது வசனம் சொல்லி என்னைக் காப்பாற்றப் போகிறார் என்று நம்பினேன். அவர் வில்லை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"ஒரு நாரும் எழும்பேல்லை, பாருங்கோ. அல்ம்."

அன்றைய பெரிய கைதட்டு அதற்குத்தான். நேரமாகிவிட்டதால், மண்டபத்தைப் பூட்ட வந்தவர் வாசலில் திறப்புக்கோர்வையை ஆட்டிக்கொண்டு நின்றார். ராசகுமாரி இனியும் காத்திராமல் மாலையை என் கழுத்தில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தேநீர் மேசையடியில் துரொண்ட்ஹெய்ம் பெண் தானாகவே வந்து என் முன்னால் நின்றாள்.

"ஏன் முறிக்கேல்லை?"

அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். "நானும் சேர்ந்து செதுக்கினது. முறிக்க மனம் வரேல்லை."

"உண்மையாவோ?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் கை தானாக மீசையைத் தேடியது; பாதிதான் இருந்தது.

"இல்லை. எனக்கு ஏலாமல் போச்சு."

அவள் சிரிக்கவில்லை. "உங்களுக்கு முன்னம் மூண்டு பேர் என்னைப் பாக்க வந்தவை. தங்களுக்கு ஏலாதது ஒண்டிருக்கெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை," என்றாள். பிறகு தகப்பன் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"மற்றப் பாதி மீசையையும் கழட்டுங்கோ. அப்பாவிட்டைப் போவம்."