யார் போட வேண்டிய உப்பு

மனைவி பனியில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்ட நாளிலிருந்து நான் ஒரேயொரு கேள்வியோடு திரிந்தேன். பனி உருக எங்கள் தெரு நடைபாதைக்கு உப்புப் போட வேண்டியவன் யார்?

காலையில் பஸ் பிடிக்க வீட்டிலிருந்து இறங்கியபோது விழுந்தாள். வீட்டுக்கு முன்னால், நடைபாதையில் என்றுதான் சொன்னாள். பேக்கரியில் மாப் பிசைகிற கை. பழையபடி வருமா என்று வைத்தியரே உறுதியாகச் சொல்லவில்லை. எனக்கோ கோபம் எப்போதும் மூக்கு நுனியில்.

நகரசபைக்குத் தொலைபேசி எடுத்தேன். ரோட்டைப் பார்ப்பது ஒரு பகுதி, நடைபாதை இன்னொரு பகுதி என்றார்கள். அந்தப் பகுதிக்கு எடுத்தால், அது நகரசபை ஒப்பந்தம் கொடுத்த கொந்தராத்துக்காரரின் வேலை என்றார்கள். பெரிய ரோட்டுக்கு முதலில் உப்பாம், மில்லிக்கன் பகுதியில் எங்களுடையதைப் போன்ற உள்தெருக்களுக்குப் பிறகாம். பனி வழிக்கிற வண்டி எங்கள் வாசலை மறித்துக் குவித்துவிட்டுப் போகிற பனிக்கு வேறு ஆளாம். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஃபோனை வைக்கும்போது மட்டும் முன்னைவிடக் குழம்பிப் போயிருப்பேன்.

நூலகத்தில் கவுன்சிலர் மக்களைச் சந்திக்கிறார் என்று தபாலில் ஒரு தாள் வந்தது. மனைவி வரமாட்டேன் என்றாள். விட்டுவிடச் சொன்னாள். பிளாஸ்டர் போட்ட கையைக் கண்டால்தான் அவர்களுக்கு உறைக்கும் என்று சொல்லி நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

சனிக்கிழமை பின்னேரம். ரோட்டுக் குழியில் விழுந்து நெளிந்த தன் கார்ச் சில்லைப் பற்றி ஒருவர் அரை மணி நேரம் பேசினார். என் முறை வந்ததும், எங்கள் சனம் உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிற சனம், தெருவுக்கு உப்புப் போட்டால் தேர்தலிலும் நினைப்போம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். கவுன்சிலரும் சிரித்துவிட்டார். எனக்குச் சந்தோஷத்தில் நல்ல புழுகம்.

கவுன்சிலருக்குப் பக்கத்தில் இருந்த நகரசபை அதிகாரி எங்கள் வீட்டின் படத்தைக் கணினித் திரையில் பெரிதாக்கினார். விழுந்தது சரியாக எந்த இடம், வாசலுக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்டார். இரண்டு கொந்தராத்துக்காரரின் எல்லை அவ்விடத்தில்தானாம். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாபகமில்லை என்றாள். இடப்பக்கம் என்று நான் அடித்துச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

காரில் அவளால் ஒற்றைக் கையால் பெல்ட் போட முடியவில்லை. நான் குனிந்து மாட்டிவிட்டேன். அப்போதுதான் சொன்னாள்.

"நான் நடைபாதையில விழேல்லை. எங்கட வாசல் படியிலதான்."

எனக்கு விளங்கவில்லை.

"முதல் நாள் பின்னேரம் படிக்கு உப்புப் போடுங்கோ எண்டு சொன்னனான். நீங்கள் ஓம் எண்டனீங்கள்."

நினைத்து நினைத்துப் பார்த்தேன். அவள் கேட்டதும் நினைவில்லை, நான் ஓம் என்றதும் நினைவில்லை. இத்தனை கிழமையாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகக் கேட்கத்தான் தொடங்கினேன், முடிக்கும்போது கோபம் இல்லை.

"ஆஸ்பத்திரிக்கு வந்த உடன ஆர் உப்புப் போடாத ஆள் எண்டுதான் கேட்டனீங்கள். நோகுதோ எண்டு கேக்கேல்லை. பிறகு நான் என்னெண்டு சொல்லுறது?"

அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனிகூட இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. கவுன்சிலருக்கு என்ன சொல்வது, அதிகாரி எழுதிக்கொண்டதை எப்படித் திருத்துவது என்றெல்லாம் மண்டைக்குள் ஓடியது. அதைக்கூட அப்போது நினைத்தேனே என்று பிறகு இன்னும் வெட்கப்பட்டேன்.

வீடு வந்து சேர்ந்தோம். கராஜ் கதவு மேலே போனது. முன்சுவரோடு சாய்ந்தபடி, குளிர் தொடங்க முன்னமே நான் வாங்கி வைத்த உப்பு மூட்டை நின்றது. அதன் வாய் இன்னும் பிரிக்கப்படவில்லை.

"கை நோகுதோ?" என்று கேட்டேன்.

"இப்ப இல்லை" என்றாள்.