ஓர்ஃபாவின் அறுபத்து மூன்றாவது கோடு

ஓர்ஃபா ஷூமேட் எனக்கு அண்ணி முறை. அவள் புருஷன் கார்லண்ட் என் பெரியம்மா மகன். பெரியம்மாவுக்கு ஐந்தும் பெண்ணாகப் பிறந்து ஆறாவதாக வந்தவன், அதனால் கேட்டதெல்லாம் கிடைத்தே வளர்ந்தவன். ஓர்ஃபா ஹேஸல் ஓடைக்கரை எல்லர் வீட்டுப் பெண். எல்லர்கள் அதிகம் பேச மாட்டார்கள். அவள் தம்பி க்வின்ஸ் மட்டும் விதிவிலக்கு, அந்தக் குடும்பத்துக்கு வேண்டிய பேச்சு முழுவதையும் அவன் ஒருவனே பேசிவிடுவான்.

கார்லண்டுக்கு வாரத்தில் ஐந்து நாள் மரம் அறுக்கும் ஆலை. சனிக்கிழமை மத்தியானம் முப்பத்தாறாம் நம்பர் கார். கதவுகளை வெல்டு வைத்து அடைத்த பழைய ஃபோர்டு கூபே அது. எங்கள் ஊர்க் கார்ப்பந்தய மண் களத்தில் ஒரு கார் ஓடவேண்டுமானால், அதன் சுற்றுகளை எண்ண ஓர் ஆளையும் அந்தக் காரே கொண்டுவரவேண்டும். வேறு யார் சும்மா வந்து உட்காருவார்கள், பெண்டாட்டிதான். களத்தின் முடிவுக் கோட்டுக்கு நேராக ஒரு மரப்பரண். அதில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்காருவோம். அவரவர் கார் கோட்டைத் தாண்டும்போது அட்டையில் ஒரு கோடு, பக்கத்தில் எதிரே மாட்டிய பெரிய கடிகாரத்து நேரம். என் புருஷன் வெர்னனின் பதினேழாம் நம்பருக்கு நான். ஓர்ஃபா எனக்கு இடப்பக்கம்.

கீழே பலகைப் படிகளில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் பந்தயம் கட்டியிருப்பார்கள். டாலர் மட்டுமில்லை, துப்பாக்கி, வேட்டை நாய், ஒரு குளிர்காலத்துக்கான விறகு, எதையும் வைப்பார்கள். கைகுலுக்கிவிட்டால் முடிந்தது. ஓட்டுகிறவன் மட்டும் கட்டக்கூடாது. தெரிந்தால் அந்தக் களத்துக்குள் பிறகு கால் வைக்க முடியாது. புருஷனுக்குப் பெண்டாட்டி எண்ணினால் ஒன்றிரண்டு கூட விழத்தான் செய்யும் என்று எல்லாருக்கும் சந்தேகம். முழுக்கப் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். அந்த வரிசையில் உட்கார்ந்தவர்களில் சிலர் இப்போது சர்ச் கல்லறை முற்றத்தில் படுத்திருக்கிறார்கள், பேர் வேண்டாம். ஓர்ஃபா பதினோரு வருஷம் எண்ணினாள், ஒரு தடவையும் தகராறு வந்ததில்லை. அதுவும் சிலருக்கு உறுத்தியது. இவ்வளவு சுத்தமாக ஒருத்தி இருந்தால் உள்ளே என்னவோ இருக்கிறது என்பார்கள்.

கொரியாச் சண்டை முடிந்த கோடை அது. கார்லண்ட் தொடர்ந்து மூன்று வாரம் ஜெயித்திருந்தான். நாலாவது சனிக்கிழமை, ஓட்டத்துக்கு முன்னால், டிரக்கின் பின்பக்கம் கோழி வறுவல் டப்பாவை எடுக்கப் போனேன். டிரக்கின் அந்தப் பக்கம் கார்லண்டும் ஓர்ஃபாவும் நின்றார்கள்.

"ஒரே ஒரு கோடு, ஓர்ஃபா. விட்டுப்போச்சுன்னா யாரு கேக்கப்போறா?"

"நீ பின்னால வாயேன். மிதிக்காம விட்டா தீந்துது."

"கால எடுத்தா எஞ்சின் சத்தத்துலயே கண்டுபிடிச்சிடுவானுங்க. மானம் போயிடும்."

"உன் மானம் போகக்கூடாது. என் மானம் போகலாம். அப்படித்தானே?"

"நீ கோடு போட்டா மாடு போகும்டி."

எந்த மாடு என்று அவள் கேட்டாள். அவன் முனகி முனகிச் சொன்னதிலிருந்து விஷயம் விளங்கியது. பழைய கார் விற்கும் கிளைட் மின்டனிடம் புதிதாகச் சிலிண்டர் துளை பெருக்கி வேகம் கூட்டிய மெர்க்குரி எஞ்சின் ஒன்று இருந்தது. கார்லண்டுக்கு அதன்மேல் கண். கார்லண்ட்தான் ஜெயிப்பான் என்று மின்டன் அந்த எஞ்சினையே வைத்திருந்தான். எதிர்ப்பக்கம், கார்லண்ட் தோற்பான் என்று, க்வின்ஸ். க்வின்ஸ் வைத்தது ஜூனி என்கிற ஜெர்ஸிப் பசு, தன்னுடையது, அக்கா கொட்டகையில் நிற்கிறது என்று சொல்லி. க்வின்ஸ் வெறும் வாய்தான், பந்தயம் கார்லண்டுடையது: தோற்றால் எஞ்சின் அவனுக்கு, ஜெயித்தால் ஜூனி மின்டனுக்கு. ஜூனியோ ஓர்ஃபாவின் அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்த பசுவின் கன்று. அந்த வீட்டில் அவளுக்கென்று சொல்லிக்கொள்ள வேறெதுவும் கிடையாது.

ஓர்ஃபா நடந்து வந்தாள். டிரக்கைச் சுற்றி வந்தவள் கையில் டப்பாவோடு நின்ற என்னைப் பார்த்தாள். நேராகப் பரணுக்குப் போனாள்.

பரணில் உட்கார்ந்ததிலிருந்து எனக்கு என் காரில் கண் நிற்கவில்லை, அவள் பென்சிலில்தான் நின்றது. நூறு சுற்று ஓட்டம். சுற்றுக்கு அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு தடவை முப்பத்தாறு கடக்கும்போதும், இதுதான் விடப்போகிற கோடு, இதுதான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பென்சில் இறங்கியது. ஐம்பதிலும் இறங்கியது, அறுபதிலும் இறங்கியது. மாடு போகும் என்று தெரிந்தும் இப்படிப் போடுகிறாளே, கடைசியில் ஒன்றை விழுங்க இடம் பார்க்கிறாளோ என்று நினைத்தேன்.

அறுபத்து மூன்றில் நாலாவது வளைவில் மோதல். ஐந்து கார் ஒன்றின்மேல் ஒன்று. அதில் என் வெர்னன் காரும் ஒன்று. செம்மண் தூசி எழும்பிக் கோட்டையே மூடிவிட்டது. நான் எழுந்து நின்று கத்தினேன். எல்லாரும் எழுந்துவிட்டார்கள், கொடி காட்டுகிறவன்கூட ஓடினான். வெர்னன் ஜன்னல் வழியாக வெளியே வந்து தொப்பியைத் தேடுவதைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தேன். ஓர்ஃபா அட்டையில் அறுபத்து மூன்றாவது கோடு இருந்தது. பக்கத்தில் நேரமும் இருந்தது. அது விழுந்ததை நான் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை.

நூறு முடிந்தது. அட்டைப்படி கார்லண்ட் முதலாவது, கோய் வாகனர் என்பவன் அரைச் சுற்று பின்னால். கோய் பக்கம் கட்டியவர்கள் விடவில்லை. முப்பத்தாறாம் நம்பர் கார் மோதலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றது, ஒரு சுற்றை இழந்தது, அறுபத்து மூன்றாவது கோடு கள்ளக் கோடு என்றார்கள். பரணைச் சுற்றி ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். ஒருவன், "ஏம்மா, இன்னும் ரெண்டு கோடு சேத்துப் போட்டிருந்தா அடுத்த வாரப் பரிசையும் இப்பவே வாங்கியிருக்கலாமே" என்றான். சிரிப்பு. நேற்று வரை அவளுக்குத் தொப்பி தூக்கினவர்கள்.

முடிதிருத்தும் கடை ஹோபர்ட் டிரிப்லட்தான் எண்ணுகிறவர்களுக்குத் தலைவர். அவர் கார்லண்டைக் கூப்பிட்டு, "நீ தாண்டினியா இல்லையா, சொல்லுப்பா" என்று கேட்டார்.

தாண்டினேன் என்றால் மாடு போகும். தாண்டவில்லை என்றால் கோப்பை போகும், பெண்டாட்டி கள்ளியாவாள். கார்லண்ட் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"தூசியா இருந்துது. எனக்குத் தெரியல."

கூட்டத்துக்கு அது போதும். புருஷனே ஒப்புக்கொள்ளவில்லையே என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓர்ஃபா அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்து, இவள் கூடப் போடுவதில் இவளுக்கு நஷ்டம்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கார்லண்ட் இனி ஓட்ட முடியாது. என் பெரியம்மா மகன். நான் குனிந்து, அறுபத்திரண்டோடு நின்றுபோன என் அட்டையைத் துடைத்தேன்.

டிரிப்லட் அவசரப்படுகிறவர் இல்லை. ஓர்ஃபா அட்டையை வாங்கிக்கொண்டு முழங்காலில் வைத்து நேரங்களை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார். இல்லாத சுற்றுக்குக் கோடு போட்டிருந்தால் இரண்டு நேரம் எங்கேயாவது நெருங்கி விழுந்திருக்க வேண்டும். நெருக்கமே இல்லை. மோதலுக்கு முன்னால் அரை நிமிஷத்துக்குக் குறைவு, மோதலுக்காக மஞ்சள் கொடி காட்டி எல்லாரும் மெதுவாகப் போனபோது ஒரு நிமிஷத்துக்கு மேல், பிறகு மறுபடி பழைய கணக்கு. முக்கால் மணி நேரம் ஆயிற்று. கோடு சரி, முப்பத்தாறுதான் முதல் என்று சொல்லி எழுந்தார். கார்லண்ட் கோப்பையை வாங்கினான், சாவு வீட்டில் மாலை வாங்குகிறவன் மாதிரி. கூட்டம் கலைந்தது, ஆனால் யாரும் ஓர்ஃபாவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. டிரிப்லட்டுக்கு ஷூமேட் வீட்டிலிருந்து ஹாம் இறைச்சி லஞ்சமாகப் போகிறது என்று மறுநாள் சர்ச் வாசலிலேயே பேச்சு.

திங்கட்கிழமை காலையில் மின்டன் கயிற்றோடு வந்தான். ஆலைக்குப் போகிற நேரம், சாலை முழுக்க ஆட்கள். க்வின்ஸ் பின்னாலேயே வந்து மெல்ல ஏதோ சொல்லிப் பார்த்தான். ஓர்ஃபா கொட்டகையைத் திறந்து ஜூனியைத் தானே வெளியே கூட்டிவந்தாள். இடது பின்காம்பைக் கடைசியில் கற, இல்லாவிட்டால் உதைக்கும் என்று மின்டனிடம் சொன்னாள். மின்டன் கொஞ்சம் குழம்பிப்போய், "இது உன் தம்பி மாடுதானே?" என்று கேட்டான்.

"எங்கப்பா எனக்குக் குடுத்த மாட்டோட கன்னு. முந்தாநாள் வரைக்கும் என்னுது."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் சாலையில் நின்றவர்களுக்குக் கேட்டது. யார் மாடு, யார் கொட்டகை, யாருக்கு எஞ்சின் வேண்டியிருந்தது என்று அவர்கள் கூட்டிப் பார்த்துக்கொள்ள ஆலைச் சங்கு ஊதும் வரை நேரம் இருந்தது. மத்தியானத்துக்குள் டிரிப்லட் காதுக்கு எட்டிவிட்டது. கார்லண்டை அந்தக் களத்தில் அதற்குப் பிறகு ஓட்டவிடவில்லை. அவன் காரை பக்கத்து மாவட்டத்துக்குக் கொண்டுபோனான். ஓர்ஃபா கூடப் போகவில்லை. எண்ணுவதற்குத் தன் மூன்றாவது அக்காவைக் கூட்டிப்போனான், அவள் நாற்பதுக்கு மேல் தடுமாறுவாள். ஓர்ஃபா வீட்டில் சமைத்துப் போட்டாள், துவைத்துப் போட்டாள். மேஜையில் பால் மட்டும் வைப்பதில்லை. கார்லண்ட் காபியைக் கறுப்பாகக் குடித்துவிட்டு எழுந்து போவான்.

என்னோடும் அவள் இரண்டு வருஷம் பேசவில்லை. வணக்கம் சொன்னால் திருப்பிச் சொல்வாள், அவ்வளவுதான். என் பிள்ளை டோயில் பிறக்கப்போகிற கோடையில் பரண் ஏணி ஏற முடியவில்லை. வெர்னனுக்கு எண்ண ஆள் வேண்டும். வெட்கத்தை விட்டு அவள் வீட்டுக்குப் போனேன். பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்கணும் என்றேன். ஆமாம் என்றாள். உரித்து முடித்துத் தட்டை ஓரமாக வைத்தாள்.

"எண்ணுறேன், லூடி. ஆனா வெர்னன் எங்கயாவது பந்தயம் கட்டியிருக்கானான்னு மொதல்ல கேட்டுக்கிட்டு வா."

என் புருஷன் அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். வெர்னன் கொல்லையில் டயர் மாற்றிக்கொண்டிருந்தான். எங்கேயாவது கட்டியிருக்கிறாயா என்று கேட்டேன். அவன் நட்டை முறுக்கி முடித்தான், கையைத் துடைத்தான், இன்னொரு நட்டை எடுத்தான். நான் அங்கேயே நின்றேன்.