ஆட்டுக் கொட்டகை மேல் ஒரு விமானம்

பேரையூரில் என் சித்தப்பா வீட்டு மாடியில் நின்றால், பின்பக்கம் ஆட்டுக் கொட்டகையின் கூரை தெரியும். அந்தக் கூரையின் மேல் பழைய பிளக்ஸ் பேனர் ஒன்றை விரித்து, நாலு பக்கமும் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். நீல வானம், அதில் ஒரு விமானம், ஓரத்தில் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கோபுரம். நடுவில் பள்ளிச் சீருடையில் என் தங்கச்சி, சித்தப்பாவின் ஒரே மகள். அவளுக்குப் பக்கத்தில் கோட்டும் டையுமாகச் சித்தப்பா. வாழ்நாளில் அவர் கோட்டுப் போட்டதே இல்லை. பேனர் கடையில் யாருடைய உடம்பிலோ அவர் தலையை ஒட்ட வைத்திருந்தார்கள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். போன வாரம் அவருடைய முதல் வருஷத் திதிக்குப் போனபோது அதை மறுபடியும் பார்த்தேன்.

சித்தப்பா ஏமாளி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கத்தரிக்காய் வாங்கப் போனால் கூடையைக் கவிழ்த்துப் பார்க்காமல் வாங்க மாட்டார். சந்தையில் ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து அவர் சொல்லும் வயசை யாரும் மறுத்துப் பேசியதில்லை. எங்கள் தாத்தா காலம் வரை அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போன குடும்பம் எங்களுடையது. சித்தப்பாதான் முதலில் சொந்தமாக நிலம் வாங்கிப் பருத்தி போட்டார். ஆனால் அவரிடம் ஒரு இளகின இடம் இருந்தது. சட்டையை உள்ளே விட்டு பெல்ட் கட்டிய ஒருவன் எழுந்து நின்று, “வாங்க சார், உட்காருங்க சார்” என்று சொல்லிவிட்டால் போதும், மனிதர் அப்படியே கரைந்துவிடுவார். தன் அப்பா எத்தனை களத்து வாசலில் உட்காராமலே நின்றிருக்கிறார் என்று பார்த்து வளர்ந்தவர் அவர். அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் கை வைத்தார்களே, அவர்களைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான் குடியிருப்பது திருப்பரங்குன்றத்தில். தங்கச்சியை அங்கேயே ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தின் விடுதியில் சேர்த்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்த்துவர வேண்டியது என் பொறுப்பு. அவள் எந்நேரமும் வரைந்துகொண்டே இருப்பாள். பூவும் பறவையும் இல்லை. தூண், படிக்கட்டு, வளைவு, ஜன்னல். ஒருமுறை கீழக்குயில்குடி சமணர் மலைக்குக் கூட்டிப்போனேன். பாறையில் வெட்டிய கற்படுக்கைகளைச் சாயங்காலம் வரை சுற்றிச் சுற்றி வரைந்துகொண்டிருந்தாள். “அண்ணே, தலைக்கு வைக்கிற இடத்தை மட்டும் கொஞ்சம் மேடா விட்டுச் செதுக்கியிருக்காங்க பாருங்க” என்றாள். எனக்கு அதுவரை அது கண்ணில் பட்டதே இல்லை. கட்டடக் கலை படிக்கச் சென்னைக்குப் போவது என்று அவள் அப்போதே முடிவு செய்திருந்தாள். அதற்கென்றே ரோட்டோரத்து நிலத்தில் ஒரு துண்டை விற்று, பணத்தை அவள் பேரில் பேங்கில் போட்டு வைத்திருந்தார் சித்தப்பா. அதைத் தொடுவதில்லை என்பது வீட்டுச் சட்டம்.

அவள் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியில் ஒரு தேர்வு வைத்தார்கள். வெளிநாட்டுக்கு ‘மாணவர் தலைமைப் பண்புப் பயணம்’ போவதற்கான தேர்வாம். இந்தியாவின் தலைநகர் எது என்கிற மட்டத்தில் கேள்விகள். தங்கச்சி தேர்வாகிவிட்டாள் என்று செய்தி வந்தது. எழுதிய பிள்ளைகள் அத்தனை பேரும் தேர்வாகியிருந்தார்கள் என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. பயணத்தை நடத்தும் கம்பெனியிலிருந்து பெற்றோரையெல்லாம் மதுரையில் ஒரு ஏசி மண்டபத்துக்கு அழைத்தார்கள். வாசலில் பன்னீர் தெளித்து, பாதாம் பால் கொடுத்து, டை கட்டிய ஒருவர் சித்தப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினார். “உங்க பொண்ணு நாளைக்கு இந்த நாட்டையே நடத்துவா சார்” என்றார். பணம் எவ்வளவு என்று அன்று அவர் வாய் திறக்கவில்லை. வேறொன்று சொன்னார்: “உங்க ஊர்ல பேனர் வைக்கிறோம் சார். செலவு எங்களோடது. சொந்தக்காரங்க போட்டோவை மட்டும் அனுப்புங்க.”

எங்கள் பக்கத்தில் பேனர் என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. காது குத்து, பூப்பு நீராட்டு, வீடு குடிபோதல், கபடியில் மூன்றாம் பரிசு, எல்லாவற்றுக்கும் பேனர் உண்டு. கீழே வட்ட வட்டமாகச் சொந்தக்காரர்கள் முகம். யார் முகம் விட்டுப்போனது, யார் முகம் சின்னதாகப் போனது என்று வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு. நிச்சயம் செய்த கல்யாணத்தைக்கூட நிறுத்திவிடலாம், பஸ் ஸ்டாண்டில் வைத்த பேனரிலிருந்து பின்வாங்க முடியாது. அந்த டை கட்டிய ஆளுக்கு மதுரைக்காரன் நாடி நன்றாகத் தெரிந்திருந்தது. பேனர் ஏறியது. மாமன் மச்சான் அத்தனை பேரும் அதில் சிரித்தார்கள். ஊரே வந்து சித்தப்பா கையைப் பிடித்துக் குலுக்கியது. அதற்கு அடுத்த வாரம்தான் கட்ட வேண்டிய தொகையைச் சொன்னார்கள். பேங்கில் தொடாமல் வைத்திருந்த பணத்தை ஏறக்குறைய முழுசாக விழுங்கும் தொகை அது.

நான் பேரையூருக்கு ஓடினேன். “சித்தப்பா, இது பரிசு இல்ல, டூரு. காசு கட்டினா யாரு வேணும்னாலும் போகலாம். சென்னையில சேர்க்கக் காசுக்கு எங்க போவீங்க?” என்றேன். “எனக்குத் தெரியாமலாய்யா இருக்கு? ஆனா பேனரு வச்சாச்சேப்பா. அம்புட்டுப் பேரு மூஞ்சியும் அதுல இருக்கே. இப்பப் போயி இல்லேன்னா, இவனுக்கு எதுக்கு இந்த வேசம்னு காறித் துப்ப மாட்டானுக?” என்றார் அவர்.

அவள் போனாள், திரும்பியும் வந்தாள். கேட்டுக் கேட்டுத்தான் கதையை வாங்கினேன். பெரும்பாலான நேரம் பஸ்ஸில் தூக்கம். எந்த ஊரில் இறங்கினாலும் சாம்பார் சாதம். உலகப் புகழ் பெற்ற ஒரு பல்கலைக்கழகத்தின் வாசலில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள்; உள்ளே போக அனுமதி இல்லை. தலைமைப் பண்பு வகுப்பு, ஓட்டலில் சாப்பிடும் கூடத்தில் நடந்தது. எடுத்தவர் யாரென்று நினைக்கிறீர்கள்? மண்டபத்தில் பொன்னாடை போர்த்திய அதே ஆள்தான். மதுரையில் பேசியதையே அங்கேயும் தமிழிலேயே பேசியிருக்கிறார். இதையெல்லாம்கூடச் சிரித்துத் தள்ளிவிடலாம். பாடப் புத்தகத்தில் பார்த்ததிலிருந்து அவள் உயிராக நினைத்த ஒரு பழைய கட்டடம் அந்த ஊரில் இருந்தது. பஸ்ஸை எதிர்ச் சாரியில் நிறுத்தி, “எல்லாரும் சீக்கிரம் போட்டோ எடுத்துக்குங்க” என்றிருக்கிறார்கள். உள்ளே போக வேண்டும் என்று இவள் கேட்டதற்கு, “டிக்கெட் நம்ம பேக்கேஜில் இல்லம்மா” என்று பதில். “குவிமாடத்தை உள்ள இருந்து அண்ணாந்து பார்க்கணும்னு இருந்தேண்ணே” என்றாள். அதை மட்டும்தான் அவளாகச் சொன்னாள்.

கிணற்றுத் தவளையாகவே இருங்கள் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. அங்கே ஒரு வீட்டில் தங்கி, அவர்கள் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்து, பாஷை தெரியாமல் திண்டாடிக் கற்றுக்கொண்டு வருகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதற்குக் கடன் வாங்கினால்கூடத் தகும். இது அப்படி இல்லை. வாசலைக் காட்டிவிட்டு வீட்டுக்கு விலை வாங்குகிற வியாபாரம். அதற்குக் கல்வி என்று பெயர் வைத்து, பள்ளிக்கூடமே தரகு வேலை பார்க்கிறது. கூடப் போன ஆசிரியர்களுக்குப் பயணம் இலவசம் என்று பிறகு கேள்விப்பட்டேன். யார் காசில் இலவசம்?

மறு வருஷம் இன்னொரு கேவலம் நடந்தது. அடுத்த கூட்டத்துப் பெற்றோரிடம் பேசச் சொல்லிச் சித்தப்பாவையே மேடை ஏற்றினார்கள். நானும் போயிருந்தேன். “பிள்ளைக்கு நல்ல தைரியம் வந்திருக்கு, கண்ணை மூடிக்கிட்டு அனுப்புங்க” என்று அவர் பேசியதைக் கேட்டு எனக்குக் காது கூசியது. வெளியே வந்ததும், “ஏன் சித்தப்பா?” என்றேன். “ஏமாந்தேன்னு மைக்குலயா சொல்லச் சொல்ற?” என்று எரிந்து விழுந்தார். அவர் பேச்சை நம்பி எங்கள் ஊரிலிருந்தே இரண்டு குடும்பங்கள் பணம் கட்டின. ஏமாந்தவன் வாயாலேயே அடுத்தவனை அழைக்க வைத்தார்கள். இதைவிட அசிங்கமான கெட்டிக்காரத்தனத்தை நான் பார்த்ததில்லை.

சென்னைக் கல்லூரியில் இடம் கிடைத்தது, கட்டப் பணம் இல்லை. கட்டணத்தில் சலுகை கிடைக்குமா என்று, பயணத்தில் கொடுத்த தலைமைப் பண்புச் சான்றிதழை அட்டை போட்டு எடுத்துப் போயிருந்தோம். அங்கிருந்த எழுத்தர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது வேண்டாம்மா, நீங்களே வச்சுக்குங்க” என்று கொடுத்துவிட்டார். தங்கச்சி பக்கத்து ஊர்க் கல்லூரியில் பி.காம். சேர்ந்தாள். இப்போது ஒரு டைல்ஸ் கடையில் கணக்கு எழுதுகிறாள். அவள் அப்பாவை ஒரு வார்த்தை குறை சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் எதையும் வரைந்து நான் பார்க்கவில்லை. சித்தப்பாவும் அதைக் கவனித்திருந்தார். அவளுடைய பென்சில் பெட்டியைத் தூசி தட்டி மறுபடி அலமாரியில் வைப்பதை ஒருநாள் பார்த்தேன். என்னைக் கண்டதும் அலமாரியைச் சாத்திவிட்டார்.

அவர் இறந்த அன்று, கண்ணீர் அஞ்சலி பேனருக்கு மாதிரி போட்டுக் கடைக்காரர் போனில் அனுப்பினார். அதிலும் அதே கோட்டு, அதே டை. கம்ப்யூட்டரில் இருந்தது அந்தப் படம்தானாம். அழுதுகொண்டிருந்த தங்கச்சி போனை வாங்கிப் பார்த்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைக்காரரைக் கூப்பிட்டாள். “அண்ணே, அந்தக் கோட்டை எடுத்துருங்க.”

“எடுத்தா கழுத்துக்குக் கீழ ஒண்ணுமே இருக்காதும்மா” என்றார் அவர்.

“வேற போட்டோ நான் தாரேன்.”

அவள் அனுப்பியது மதுரை விமான நிலையத்தில் எடுத்தது. உள்ளே போன பிறகு கண்ணாடி வழியாக அவள் எடுத்திருக்கிறாள். வெளியே தோளில் துண்டோடு, ஒரு கையைக் கண்ணாடியில் ஊன்றிக்கொண்டு சித்தப்பா உள்ளே தேடுகிறார். மகள் எங்கே நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தப் படத்தைத்தான் பேனரில் போட்டோம்.

போன வாரம் திதி முடிந்து மாடியில் நின்றபோது சித்தி காபி கொண்டு வந்தார். “அந்தக் கருமத்தை இன்னும் எதுக்குச் சித்தி வச்சிருக்கீங்க? பிச்சு எறிய வேண்டியதுதானே?” என்றேன். அவர் கொட்டகையை எட்டிப் பார்த்தார். வெயிலில் விமானம் வெளுத்துப்போயிருந்தது. கோட்டு மட்டும் இன்னும் கறுப்பாகவே இருந்தது.

“கிடக்கட்டும்ப்பா. ரெண்டு மழைக்கு ஒரு சொட்டு ஒழுகல. அம்புட்டுக் காசைக் கொட்டுனதுக்கு உருப்படியா வந்தது இது ஒண்ணுதான்.”

நான் காபியைக் குடித்தேன். அது ஒன்றைத்தான் அவர்கள் காசு வாங்காமல் கொடுத்தார்கள் என்று சித்தியிடம் சொல்லவில்லை.