ஷட்டரில் விட்ட எண்ணெய்

முதலில் ஒரு திருத்தம்.

தண்டபாணியின் அறுபதாம் கல்யாணப் படத்தைப் போன வாரம் நம் குடும்பக் குழுவில் போட்டிருந்தீர்கள். அதன் கீழே, “பெரியம்மா திட்டினதாலதான் சித்தப்பா கடலூர் பக்கமே போறதில்ல” என்று ஒரு பேச்சு. ஆமாம் போடவும் ஆட்கள். நான் தண்டபாணியைத் திட்டவில்லை. நான் திட்டினால் எப்படி இருக்கும் என்று என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். நடந்தது வேறு.

சந்தனமும் மெஷின் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை... என் கொழுந்தனார் தண்டபாணி என்றாலே எனக்கு அதுதான். சிதம்பரத்தில் தையல் மெஷின் பழுது பார்த்தவர். 2004-இல் என் கணவர் காலமான பிறகு, ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் காலை பஸ்ஸில் கடலூர் புதுப்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். துணையில்லாத வீடு என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார். நான் உள்ளே சுண்டல் தாளித்துக்கொண்டிருப்பேன். அவர் கேட் கீலுக்கு எண்ணெய் விடுவார், தையல் மெஷினுக்கு விடுவார், அப்படியே அண்ணனின் கேமராவுக்கும் ஒரு சொட்டு. துடைத்துப் பொட்டு வைத்து சாமி படத்தின் முன்னால் வைத்துவிடுவார்.

அது துருத்தி போல விரிந்து மடங்கும் பழைய கேமரா. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே என் கணவர் புதுச்சேரியில் வாங்கியது.

2010-இல் தண்டபாணிக்கு அறுபது. போன் செய்தார்.

“அண்ணன் இருந்தா அவருதான் போட்டோ புடிப்பாரு. அவரு கேமராவுல நீங்க ஒண்ணே ஒண்ணு புடிங்க அண்ணி. அது போதும்.”

அந்த மனிதர் என்னிடம் எதுவுமே கேட்டதில்லை. சரி என்றேன்.

எடுத்து அழுத்திப் பார்த்தால்... ‘டிக்’ வரவில்லை. லென்சுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய தகடுகள் விரிந்து மூட வேண்டும், அதுதான் ஷட்டர். அவை பாதி திறந்து அப்படியே நின்றுவிட்டன. விசேஷத்துக்கு ஒரு வாரம்கூட இல்லை. ஸ்டுடியோக்களில் கேட்டால், இதையெல்லாம் தொட மாட்டோம் என்றார்கள்.

என் கணவர் அதைப் பிரித்துத் துடைக்கும்போது எதிரில் உட்கார்ந்து பார்த்தவள் நான். கான்வென்டில் சிஸ்டர்கள் பழக்கிய எம்பிராய்டரி விரல்கள் வேறு. சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்தேன். குட்டி ஸ்க்ரூக்கள் பறந்துவிடும் என்று ஃபேனை நிறுத்தினேன். கழற்றிய வரிசையிலேயே அவற்றை இட்லித் தட்டின் குழிகளில் போட்டேன். முன் வளையம், அடியில் ஒரு மூடி, அதற்கும் அடியில் கடிகாரத்தில் இருப்பது போன்ற பல்சக்கரங்கள்...

அந்த நேரம் பார்த்து, பத்திரிகை வைக்கத் தண்டபாணி வந்தார்.

“இன்னா அண்ணி, இட்லிக்குப் பதிலா ஸ்க்ரூ வேவுதா?”

“மேஜைய இடிக்காம உக்காருங்க தம்பி.”

“பெரிய ஆப்பரேஷனால்ல இருக்கு. பேஷன்ட் பொழைக்குமா?”

வெள்ளைப் பெட்ரோலில் துடைப்பதற்கு முன், வெறும் பஞ்சால் தகடுகளை ஒற்றினேன். பஞ்சு மஞ்சளாக, பிசுபிசுவென்று வந்தது. தண்டபாணி அதை வாங்கி விரல்களில் தேய்த்தார், முகர்ந்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

“அண்ணி... இது என் எண்ணெ. நான் உட்டது.”

ஓடுகிற இரும்பு எதற்கும் எண்ணெய் வேண்டும் என்பது அவர் தொழிலின் பாடம். ஷட்டர் தகடுகள் மட்டும் காய்ந்தே இருக்க வேண்டும். ஈரம் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

“ஆமாம்” என்றேன். பொய் சொல்ல எனக்கு வராது.

“வருஷா வருஷம் பூஜையும் போட்டு, நானே கெடுத்துட்டேன். அண்ணன் பொருள...”

“முழுசாக் கேளுங்க. நம்ம ஊர் கடல் காத்துக்குத் தப்பின இரும்பு எது? துருப்பிடிச்சு வாசல் கேட்டையே மாத்தியாச்சு. இதோ, ஸ்பிரிங்கைப் பாருங்க. துளி துரு இருக்கா? ஒட்டின தகட்ட நான் துடைச்சுக்குவேன். ஸ்பிரிங் துருப்பிடிச்சு ஒடிஞ்சிருந்தா எங்க போவேன்? அதைக் காப்பாத்தினது உங்க எண்ணெய்தான்.”

“ஃபெயிலானவனுக்கு மார்க் போடுறீங்க.”

“நானா? சும்மா அரை மார்க் யாருக்காவது போட்டிருக்கேனா?”

சிரித்தார். ஆனால் பார்வை அந்தப் பஞ்சைவிட்டு நகரவில்லை.

பெட்ரோல் காய்ந்ததும் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினேன். “நீங்களே அழுத்திப் பாருங்க” என்று நீட்டினேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வேணாம் அண்ணி. என் கை ராசி தெரிஞ்சுபோச்சு.”

நான்தான் அழுத்தினேன். டிக்.

சிதம்பரத்தில் மாலையும் கழுத்துமாக அவரையும் அவர் மனைவியையும் எடுத்தேன். நீங்கள் பார்த்தது அந்தப் படம்தான். பளிச்சென்று வந்திருக்கிறது, இல்லையா?

ஆனால் அடுத்த ஆயுத பூஜைக்குத் தண்டபாணி வரவில்லை. கடையில் வேலை என்றார். அதற்கடுத்த வருஷம் முழங்கால் வலி என்றார். பிறகு கடையை விட்டுவிட்டு மகளோடு கோயம்புத்தூருக்கே போய்விட்டார்.

இப்போது என் செல்போனும் படம் எடுக்கும்போது டிக் என்கிறது. உள்ளே எதுவும் திறந்து மூடுவதில்லையாம், வெறும் சத்தமாம். ஆயுத பூஜைக்கு ஒரு பிடி கடலை ஊற வைத்தால் எனக்குப் போதுகிறது. வீட்டில் எதற்கும் கோளாறில்லை... யாரும் வந்து பார்ப்பதுமில்லை.

தண்டபாணி தம்பி, உங்கள் மகள் இதை உங்களிடம் காட்டுவாள். அன்று நான் சொன்னது ஆறுதலுக்காக இல்லை. அதை நீங்கள் நம்பினீர்களா, இல்லையா? போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவீர்கள். தயவுசெய்து எழுதிப் பதில் அனுப்புங்கள்.